பழுக்காத மண்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் காரைநாட்டைக் கொற்றவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் காலையில் தோன்றியது மதியத்துக்குள் நடந்தாக வேண்டும்.

ஒருநாள் அவனுக்குக் குன்று ஒன்று வேண்டுமென்று தோன்றிவிட்டது. அரண்மனை வாசலிலேயே, கன்னங்கரேலென்று. அதன்மேல் தன் வெள்ளைக் குதிரையோடு ஏறி நின்றால் ஊரே அண்ணாந்து பார்க்குமாம்!

"கரியநத்தத்துக் கரிசல் மண்ணை வாரிக்கொண்டு வந்துவிடலாம், பிரபு," என்றார் செண்பகராயர். சபையில் மூத்தவர். அமைச்சர் உமையாளைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். கரியநத்தம் அவள் பிறந்த ஊர்.

பருத்தியை நம்பிப் பிழைக்கிற ஊர். மேல்மண் போனால் ஊரே போச்சு. அதற்குள் ஆணை ஓலையை உமையாள் முன்னால் நீட்டிவிட்டார்கள்.

"முத்திரை வை," என்றான் ராஜா.

"வைக்க மாட்டேன்."

ராயர் சிரித்தார். "மேலே எடுத்தால் என்னம்மா, கீழேயும் மண்தானே? மண்ணிலே வகை வேறா?"

"வகை இல்லாமலா? செம்மண் மழையைக் குடித்துக் கீழே விட்டுவிடும். கரிசல் பிடித்து வைத்துக்கொள்ளும். மழை ஓய்ந்த பிறகும் பருத்தி வெடிப்பது அந்த ஈரத்தில்தான். அதை வாரிவிட்டால் மிஞ்சுவது சுக்கான் கல். அதற்கும் கீழே பாறை. பாறையில் எதை விதைப்பது?"

"தலை போகும், உமையாள்!" என்று எழுந்துவிட்டான் ராஜா.

"போகட்டும், அரசே. எனக்குப் பதில் வேறு அமைச்சர் வருவார். அந்த நிலத்துக்குப் பதில் எதைக் கொண்டுவருவீர்கள்?"

சட்டென்று ராயரைத் திரும்பிப் பார்த்தாள்.

"குன்றுதானே வேண்டும்? கரியநத்தம் வரை எதற்கு வண்டி கட்ட வேண்டும்? ராயரின் வெற்றிலைக் கொடிக்கால் மதிலுக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறது. கரிசலையே தோற்கடிக்கும் கறுப்பு. மேலே ஒரு முழம் வாரிக்கொள்ளலாம். கீழேயும் மண்தான் என்று அவரே சொல்லிவிட்டார்."

"சரிதானே! ஆட்களைக் கூப்பிடு!" என்றான் ராஜா.

"ஐயையோ, பிரபு!" ராயர் மேல்துண்டு நழுவ ஓடிவந்தார். "தலைமுறை தலைமுறையாகத் தழையும் சாணமும் மக்கிச் சேர்ந்த மண்! வாரினால் அடியில் வெறும் சரளை! கொடியெல்லாம் கருகிவிடும்!"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. விட்டுக்கொடுக்க மனம் வராமல் உமையாள் பக்கம் திரும்பினான்.

"அப்படியானால் நீயே எனக்குப் புது மண் செய்து கொடு. பொழுது சாய்வதற்குள்!"

உமையாள் ஆட்களை விட்டுப் பெரிய பாறை ஒன்றை முற்றத்துக்கு உருட்டி வரச் செய்தாள்.

"இதோ மண், அரசே. இன்னும் காயாக இருக்கிறது, அவ்வளவுதான்."

"எப்போது பழுக்கும்?"

"வெயிலில் விரிசல் விட வேண்டும். மழை உள்ளே இறங்க வேண்டும். பாசி பிடித்து, புல் வேர் பிளந்து, உதிர்ந்ததைப் புழு தின்று கழிக்க வேண்டும். தங்கள் பேரனுக்குப் பேரன் காலத்தில் விரல் கனம் சேர்ந்தால் அதிர்ஷ்டம். ஆணை போட்டால் சீக்கிரம் ஆகுமென்றால் போட்டுப் பாருங்கள்."

ராஜா பாறை அருகே போனான். மார்பை நிமிர்த்திக்கொண்டு, "பழு!" என்று அதட்டினான்.

பாறை பேசாமல் கிடந்தது.

ராஜாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஓலையை வாங்கி இரண்டாகக் கிழித்தான். தன் தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்து உமையாளுக்குப் போர்த்தினான். கரியநத்தத்தில் ஒரு கூடை மண்கூட யாரும் அள்ளக்கூடாது என்று சபையறியச் சொன்னான். பிறகு ராயரைப் பார்த்தான்.

"மண்ணுக்கு வகை இல்லை என்றீரே! இந்தப் பாறை மண்ணாகும் வரை தினமும் காலையில் இதற்குத் தண்ணீர் ஊற்றுவது உம் வேலை."

ஐப்பசி அடைமழை விட்ட மறுநாள், ராயர் மூச்சிரைக்கச் சபைக்குள் ஓடிவந்தார். "பிரபு! பாசி! பச்சைப் பாசி பிடித்துவிட்டது!"

உமையாள் எழுந்து போய்ப் பார்த்தாள். நகத்தளவுப் பச்சை.

"நல்ல ஆரம்பம், ராயரே," என்றாள். "குடத்தைக் கீழே வைத்துவிடாதீர்கள்."