காராமணி அணைக்காத பொறி

செடிகொடியெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்திலும் இலைகளுக்கு வெயிலைத் தின்பதுதான் வேலை. தின்னும்போது பொறி சிந்தும். சிந்தாமல் சாப்பிட இலைக்கு எங்கே தெரியும்? விழுந்த இடம் சுடும். அதனால் பொறியைக் கண்டதும் எல்லாச் செடிகளும் தண்ணீர் தெளித்து அணைத்துவிடும்.

வானம் பார்த்த புன்செய்க் காடு ஒன்றில் காராமணி என்றொரு செடி இருந்தாள். அவள் முதன்முதலாகக் காய் பிடித்திருந்த நேரம். ஒரு பொறியை அணைக்கப் போனவளுக்கு, அது நடுங்குவதைப் பார்த்ததும் மனசு வரவில்லை. பாவம், அதுவும் ஒரு பிள்ளைதானே என்று தண்டோரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டாள். பக்கத்துப் பூசணிக்கு இது பொறுக்குமா? வீட்டுக்குள் நெருப்பை வைத்துக்கொண்டு குடித்தனம் செய்கிறாளாம் என்று தன் கொடி போன இடமெல்லாம் சொல்லி வைத்தாள்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. காற்று அனலாக வீசியது. மண் காய்ந்ததை முதலில் கண்ட வேர் கத்தியது. இலைகள் எங்கே கேட்டன? அடிப்பக்கத்துக் குட்டி வாய்களையெல்லாம் ஆவென்று திறந்துகொண்டு வெயிலைத் தின்பதிலேயே குறியாக இருந்தன. அந்த வாய்வழியே உடம்புத் தண்ணீரெல்லாம் போய்க்கொண்டிருந்தது. காய்க்குள் விதை இன்னும் முற்றவில்லை. காராமணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செடிக்கு அது எப்போது ஓடியது என்று குறுக்கே கேட்காதீர்கள்.

“என்னை விடு அம்மா, நான் ஓடிப்போய்ச் சொல்கிறேன்” என்றது பொறி.

“போகிற வழியெல்லாம் என் இலைகளைச் சுடுவாயே.”

“சுட்டால்தானே திரும்பிப் பார்ப்பார்கள்.”

காராமணி கண்ணை மூடிக்கொண்டு அதை விட்டாள். பொறி இலைக்கு இலை தாவியது. சுரீரென்று பட்டதும் ஒவ்வோர் இலையும் வாயை மூடிக்கொண்டது. சில இலைகளின் ஓரம் கருகிப்போக, அவள் அழுதாள். ஆனால் மிச்சத் தண்ணீர் காய்களுக்கு நின்றது.

பூசணியோ துவண்டு கிடந்தாள். அவளிடமும் பிஞ்சு இருந்தது. வெட்கத்தை விட்டு, “அக்கா, எனக்கும் கொஞ்சம்” என்று கேட்டாள். காராமணி எதையும் சொல்லிக் காட்டவில்லை. திரும்பி வந்திருந்த தன் பொறியில் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்து, அணைத்துவிடவும் வேண்டாம், அதன் போக்கில் எரிய விடவும் வேண்டாம், பக்கத்திலேயே கொஞ்சம் ஈரம் வைத்துக்கொள் என்று பக்குவமும் சொன்னாள். பூசணியிடமிருந்து அது காடு முழுக்கப் பரவியது.

அன்று தொட்டுத்தான் ஒவ்வொரு செடியும் தனக்குள் ஒரு பொறியை அணையாமல் வைத்திருக்கிறது. கோடையில் இலையோரம் கருகியிருந்தால் அருவருத்துக் கிள்ளிப் போடாதீர்கள், அது பிள்ளைகளுக்காகத் தாய் வாங்கிக்கொண்ட சூடு.