சொல்லாமல் தெளித்த கரடி

மலைக்காட்டில் ஓடையோரமாக ஒரு கரடி பேரிமரங்கள் வளர்த்து வந்தது. தானாய் முளைத்த மரங்கள் என்று நினைத்துவிடாதீர்கள். குழி வெட்டி, ஒட்டுக் கட்டி, வருஷா வருஷம் கிளை கழித்துக் கவாத்து செய்து வளர்த்தவை! ஆடி பிறந்தால் முயலும் மானும் கூடையோடு வரும். கிழங்கோ தானியமோ கொடுத்துப் பேரிக்காய் வாங்கிப்போகும். கரடி வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான்.

அந்த மாசியில் தோட்டமே வெள்ளையாகப் பூத்தது. கூடவே சனியனும் வந்தது! அசுவினிப் பூச்சிகள் தளிர்களில் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சின. இலைகள் சுருண்டன. கரடி சும்மா இருக்குமா? எட்டிக்காயை இடித்துப் பானை நிறைய விஷத்தண்ணீர் காய்ச்சியது.

"கொஞ்சம் பொறு அண்ணே!" என்றாள் மஞ்சி. தோட்டத்துத் தேனீக்களுக்கெல்லாம் அவள்தான் மூத்தவள். "பூ உதிரட்டும், அப்புறம் தெளி. நாங்கள் பூவுக்குப் பூ போனால்தானே காய் பிடிக்கும்? அவசரம் என்றால் முதல்நாளே ஒரு வார்த்தை சொல்லு. கூட்டைவிட்டு வெளியே வரமாட்டோம்."

"உன்னிடம் சொல்லாமல் தெளிப்பேனா? நீ என் தங்கச்சி அல்லவா!" என்றது கரடி.

மறுநாள் ஒரு குரங்கு வந்தது. அதற்கு வேலைவெட்டி கிடையாது. ஊருக்கெல்லாம் யோசனை சொல்வதுதான் பிழைப்பு. மஞ்சிக்குக் கொடுத்த வாக்கைக் கரடி சொன்னதும் அது சிரித்தது.

"அட மண்டு! அசுவினியும் பூச்சி, தேனீயும் பூச்சி! எல்லாம் சொந்தக்காரர்கள்! நீ முன்கூட்டிச் சொன்னால் அசுவினிக்குச் சேதி போய்விடும். ஓடி ஒளிந்துகொள்ளும்!"

அசுவினி எங்கே ஓடப்போகிறது? கரடி அதைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லையே, பாவி! மறுநாள் வெயில் ஏறியதும் யாரிடமும் சொல்லாமல் மரம் மரமாகத் தெளித்துவிட்டது.

அசுவினி செத்தது. மத்தியானத்துக்குள் தேனீக்களும் புல்லெல்லாம் விழுந்து கிடந்தன. கரடி பதறிப்போய் மஞ்சியைக் கையில் எடுத்தது.

"மஞ்சி! கண்ணைத் திற அம்மா!"

"பிள்ளைகள் வெளியே வரப் பயந்தார்கள், அண்ணே," என்றாள் மஞ்சி. "அண்ணன் சொல்லாமல் செய்யமாட்டார் என்று நான்தான் கூட்டி வந்தேன்."

அதோடு அவள் இறக்கை ஓய்ந்துவிட்டது.

கரடி வாய்விட்டு அழுதது. அழுதுகொண்டே ஒரு பூவின் மகரந்தத்தை விரலால் தொட்டு, இன்னொரு பூவில் வைத்துப் பார்த்தது. அவ்வளவு பெரிய விரலை அந்தப் பூ தாங்குமா? தொட்டதெல்லாம் காம்போடு கையில் வந்தது.

ஆடியில் முயல்கள் கூடையோடு வந்து அண்ணாந்து பார்த்தன. மரத்தில் பூச்சி இல்லை. காயும் இல்லை.

"என்ன ஆச்சு அண்ணே? மஞ்சி அக்காவைக்கூடக் காணோமே?"

கரடி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நம்மை நம்பி வந்தவர்களைச் சந்தேகப்பட்டு வாக்குத் தவறினால், பிறகு எத்தனை அழுதாலும் அவர்கள் திரும்பி வரமாட்டார்கள்.