அப்பளக்கார அண்ணன் தம்பிகள் வாடகைக்கு வீடு பிடித்தது

கீழப்பூவலூரில் அப்பளம் போட்டுப் பிழைக்கும் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவர் ஆதிமூலம், நடுவில் சீனிவேலு, கடைசி பூலோகம். மூவருக்குமே கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா, "கூச்சப்படாதீங்க, உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க" என்று ஒரு மரியாதைக்குச் சொன்னார். ஆதிமூலம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கூடத்தில் துண்டை விரித்துப் படுத்துக் குறட்டை விட்டுவிட்டார். அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது. தம்பிகளுக்கும் வரன் வருவது நின்றுபோனது.

ஊரில் அவர்களை முட்டாள்கள் என்று சொல்லுவார்கள். அது கொஞ்சம் அதிகம். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள், அவ்வளவுதான். அப்பளம் மட்டும் தங்கமாகப் போடுவார்கள்.

அவர்கள் குடியிருந்த வீட்டை மாசக் கடைசியில் இடிக்கப் போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரம் அப்பளத்துக்கு ஆர்டர் வந்திருந்தது. அப்பளக்காரனுக்குக் கூரை இல்லாவிட்டால்கூடப் பரவாயில்லை, காயப்போட மொட்டை மாடி வேண்டும். ஊர் முழுக்க அலைந்து, கடைசியில் ஆவுடையம்மாள் டீச்சரின் வீட்டைப் பார்த்தார்கள். மாடி அகலமாக, நாள் முழுக்க வெயில் விழும்படி இருந்தது. சீனிவேலு அதில் ஏறி நின்று வெயிலைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

டீச்சர் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். இதற்கு முன் குடியிருந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனதில் மனசு விட்டுப்போயிருந்தார்.

"வீடு தரேன். ஆனா காகிதம் எல்லாம் சரியா இருக்கணும்," என்றார். "இப்ப இருக்கிற இடத்துக்கு அத்தாட்சி வேணும். கதவு எண் தெளிவா தெரியணும். ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுங்க. ஒரிஜினலையும் கையோட கொண்டு வாங்க. நான் பாத்துட்டுத் திருப்பித் தந்திருவேன்."

மூவரும் இதை வழி நெடுக மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்கள். வந்து, வாசலில் நின்று கதவைப் பார்த்தார்கள். அதில் நீலப் பெயிண்டில் 17 என்று எழுதியிருந்தது.

"கதவு எண் இதுதான்," என்றார் ஆதிமூலம்.

"எண்ணை மட்டும் எப்படிண்ணே எடுக்கிறது?" என்று கேட்டார் பூலோகம்.

"சுரண்டி எடுக்கலாம்," என்றார் சீனிவேலு.

"சுரண்டினா தூளாத்தான் வரும். டீச்சர் தெளிவா தெரியணும்னு சொல்லியிருக்காங்க."

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் ஆதிமூலம், "ரெண்டு பக்கமும்னு சொன்னாங்களே, அதைக் கவனிச்சீங்களா? எண்ணுக்கு ஏதுலே ரெண்டு பக்கம்? கதவுக்குத்தான் ரெண்டு பக்கம் உண்டு. அவங்க கேட்டது கதவைத்தான்," என்றார். அண்ணனின் புத்தியை நினைத்துத் தம்பிகள் பெருமைப்பட்டார்கள். கீலைத் தட்டிக் கதவைக் கழற்றினார்கள்.

கழற்றிய பிறகுதான் வீடு திறந்து கிடப்பது தெரிந்தது.

"உள்ளே உளுந்து மாவு இருக்கு. நாய் வந்துட்டா என்ன பண்றது?" என்றார் சீனிவேலு.

"கதவு வர்ற வரைக்கும் யாராவது கதவா நிக்கணும்," என்றார் ஆதிமூலம். பூலோகம்தான் ஆளில் உயரம். அதனால் அவரை நிலைக்கு நடுவில் கையை விரித்து நிற்க வைத்தார்கள்.

"நான் என்னண்ணே செய்யணும்?"

"கதவு என்ன செய்யுமோ அதைச் செய். வேற எதுவும் செய்யாத."

அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு முனையாகக் கதவைத் தலையில் சுமந்துகொண்டு கடைத்தெருவுக்குப் போனார்கள். ஜெராக்ஸ் கடை மரியசூசை, யாரோ கடைக்குக் கதவு போட வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, "எங்களுக்கு ஷட்டர் இருக்கு அண்ணாச்சி," என்றார்.

"போட வரல. ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுக்கணும்," என்றார் ஆதிமூலம்.

மரியசூசை கதவைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். மறுபடியும் கதவைப் பார்த்தார். "இது ஒரிஜினலா?" என்று கேட்டார். வேறு என்ன கேட்பதென்று அவருக்குத் தோன்றவில்லை.

"தேக்கு இல்ல, வேம்புதான். ஆனா ஒரிஜினல்," என்றார் சீனிவேலு.

மரியசூசை பொறுமைசாலி. இருவரையும் உட்கார வைத்து விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். "அண்ணாச்சி, அத்தாட்சின்னா காகிதம். விஏஓ ஆபீசுக்குப் போங்க. நீங்க குடியிருக்கீங்கன்னு அவர் எழுதி, முத்திரை குத்தித் தருவார்," என்று சொல்லி அனுப்பினார். கதவோடு அப்படியே விஏஓ அலுவலகத்துக்கு நடந்தார்கள்.

விஏஓ சங்கரபாகம் நல்ல மனுஷன். வேலைப் பளுவில் கதவு எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டு, "உக்காருங்க. வீட்டைப் பாத்துட்டு வரச் சொல்றேன்," என்று தலையாரியை அனுப்பினார். தலையாரி ஊருக்குப் புதுசு.

அவர் போனபோது நிலையில் ஒரு ஆள் கையை விரித்து, கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார்.

"வீட்ல யாருங்க இருக்கா?" என்று கேட்டார் தலையாரி. பதில் இல்லை. கதவு பேசுமா என்ன?

தலையாரி கிட்டே போய் அவருடைய தோளில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"டொக், டொக்," என்றார் பூலோகம்.

தலையாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். இன்னொரு தடவை தட்டினார். "டொக், டொக்" என்றே மறுபடியும் வந்தது. அவருக்கு வேர்த்துவிட்டது. வேகமாகத் திரும்பி வந்து, "ஐயா, தட்டினேன். சத்தம் வந்துச்சு. ஆனா ஆள்னு யாரும் பேசல. என்னை இனிமே அந்தத் தெருவுக்கு அனுப்பாதீங்க," என்றார்.

விஏஓ முகம் மாறியது. "என்னங்க, அங்க ஆளே இல்லையாமே? உண்மையைச் சொல்லுங்க, எவ்வளவு காலமா இங்க இருக்கீங்க?"

ஆதிமூலம் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணி நேரம் இருக்கும் ஐயா."

"ஒரு மணி நேரத்துக்கெல்லாம் சான்று தர முடியாது. ஆறு மாசமாவது இங்கயே இருந்திருக்கணும். அப்பத்தான் எழுதுவேன்."

இரண்டு பேரும் கதவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். வேப்ப மரத்தடியில் இறக்கி வைத்துப் பேசினார்கள்.

"ஆறு மாசம் இங்கயே இருக்கணுமாம்," என்றார் ஆதிமூலம்.

"நம்ம வீட்டைத்தான் மாசக் கடைசியில இடிக்கிறாங்களே. இங்க வந்து இருந்துட்டா ஒரு வழியா போச்சு," என்றார் சீனிவேலு.

"இங்க இருக்கிறதா இருந்தா டீச்சர் வீடு எதுக்குலே?"

"டீச்சர் வீடு வேணும்னா சான்று வேணும்ண்ணே. சான்று வேணும்னா இங்க இருக்கணும்."

ஆதிமூலம் இதை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் சரியாகத்தான் வந்தது.

வீட்டுக்குப் போய்க் கதவை மாட்டினார்கள். பூலோகம் கையைத் தொங்கப்போட்டு, "கதவு படற பாடு எனக்கு இப்பத்தான் தெரியுது," என்றார். மறுநாள் காலை பத்து மணிக்கு விஏஓ வந்து பார்த்தபோது, அலுவலக வராந்தாவில் பாய் விரித்திருந்தது. ஸ்டவ்வில் ரசம் கொதித்தது. பூலோகம் உலக்கையால் மாவு இடித்துக்கொண்டிருந்தார். சீனிவேலு மாடியில் வேட்டிகளை விரித்து அப்பளம் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன இது?" என்றார் விஏஓ.

"இருக்கோம் ஐயா," என்றார் ஆதிமூலம். "இன்னிக்கு முதல் நாள்."

விஏஓ அதட்டிப் பார்த்தார். "நீங்க சொன்னபடிதானே ஐயா செய்யறோம்" என்று மூவரும் கைகட்டி நின்றார்கள். கெஞ்சிப் பார்த்தார். அவரைச் சாப்பிடச் சொன்னார்கள். சான்றிதழ் வாங்க வந்த ஜனங்கள் வராந்தாவில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு, வந்த வேலையை மறந்து போனார்கள். பட்டா மாறுதலுக்கு வந்த ஒரு பெரியவர், மனுவுக்குப் பதிலாக நூறு அப்பளம் வாங்கிக்கொண்டு போனார். மூன்று நாளில் இரண்டாயிரம் அப்பளமும் காய்ந்து, கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அரசாங்க மாடியில் காய்ந்த அப்பளம் நல்ல மொறுமொறுப்பு என்று பேரும் வாங்கியது. அதற்குப் பிறகு அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் பையோடு வந்தார்கள்.

நாலாம் நாள் தாசில்தார் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. விஏஓ உட்கார்ந்து ஒரு காகிதம் எடுத்தார். பொய் எழுத அவருக்கு மனசு வராது. அதனால் இப்படி எழுதினார்: "ஆதிமூலம், சீனிவேலு, பூலோகம் ஆகிய மூவரும் இக்கிராம நிர்வாக அலுவலகத்தில் இரவும் பகலும் குடியிருந்து வருகிறார்கள் என்பதை நான் நேரில் கண்டு அனுபவித்துச் சான்றளிக்கிறேன்." முத்திரையை ஒன்றுக்கு இரண்டாகக் குத்தினார்.

"ஐயா, ஆறு மாசம் ஆகலையே," என்றார் ஆதிமூலம், நேர்மையாக.

"எனக்கு ஆயிருச்சு," என்றார் விஏஓ. அவரே பாயைச் சுருட்டி, ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை வந்து வழியனுப்பினார்.

ஆவுடையம்மாள் டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"இது சர்க்கார் கட்டடம் ஆச்சே. அங்கயா குடியிருந்தீங்க?"

"ஆமா டீச்சர்."

"காலி பண்ணும்போது ஏதாவது தகராறு?"

"இல்ல டீச்சர். ஐயாவே சாமானைத் தூக்கிட்டு வந்து விட்டுட்டுப் போனார். கண்ணுல தண்ணி வச்சிட்டார்."

அரசாங்கமே பிரிய மனமில்லாமல் அனுப்பி வைத்த ஆட்கள் என்று டீச்சருக்குத் திருப்தியாகிவிட்டது. பத்திரம் எழுதினார்கள். டீச்சர் ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினார். வாடகை, தண்ணீர், கரண்ட் எல்லாவற்றுக்கும் மூவரும் தலையாட்டினார்கள். கடைசியாக ஒரு வரி: "வீடு எந்த நிலையில் ஒப்படைக்கப்பட்டதோ, அதே நிலையில் குடியிருப்போர் வைத்திருந்து திருப்பித் தர வேண்டும்."

"இது முக்கியம். புரிஞ்சுதா?" என்றார் டீச்சர்.

"புரிஞ்சுது," என்றார்கள். கையெழுத்துப் போட்டார்கள். டீச்சர் பூட்டிய வீட்டின் சாவியை ஆதிமூலத்தின் கையில் கொடுத்துவிட்டு, அன்றைக்கே மகள் வீட்டுக்குத் தூத்துக்குடி கிளம்பிப் போனார்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. குடையை விரித்து, வீடு எப்படி இருக்கிறதென்று பார்க்க நேராக அங்கே போனார்.

வீடு பூட்டியிருந்தது. வாசலில் பாய், ஸ்டவ், பானை, சட்டி எல்லாம் நனைந்துகொண்டு கிடந்தன. வீட்டின் மேல், மொட்டை மாடியையும் சுவரையும் மூடி, லாரிக்குப் போடுகிற பெரிய தார்ப்பாய் ஒன்று தொங்கியது. எதிரில் இருந்த லாரி ஷெட்டில் இரவல் வாங்கியதாம். அதன் கயிறுகளை ஆளுக்கொரு மூலையில் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மூன்று பேரும் தொப்பலாக நனைந்து நின்றார்கள்.

"வீட்டுக்குள்ள போகாம இங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"எந்த நிலையில கொடுத்தீங்களோ அதே நிலையில வச்சிருக்கோம் டீச்சர்," என்றார் ஆதிமூலம். "பூட்டிக் கொடுத்தீங்க, பூட்டியே இருக்கு. காலியா கொடுத்தீங்க, காலியாவே இருக்கு. மழைதான் எதிர்பார்க்காம வந்துருச்சு. காஞ்ச வீடாக் கொடுத்தீங்களே, நனைய விடலாமா?"

"நீங்க நனையறீங்களேப்பா."

"எங்களைப் பத்திப் பத்திரத்துல ஒண்ணும் இல்ல டீச்சர்," என்றார் சீனிவேலு.

டீச்சர் முப்பத்தொரு வருஷம் வகுப்பு எடுத்தவர். எந்த இடத்தில் ஆரம்பித்து விளக்குவதென்று வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று அடித்துத் தார்ப்பாயின் நாலாவது மூலை மேலே கிளம்பியது. அந்த மூலைக்குத்தான் ஆள் இல்லாமல் இருந்தது.

"டீச்சர், ஒரு கை," என்று கயிற்றை நீட்டினார் பூலோகம்.

டீச்சர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கயிற்றை வாங்கி இழுத்துப் பிடித்தார். சாயங்காலம் மழை விடும்வரை நாலு பேரும் அப்படியே நின்றார்கள். வீட்டின் மேல் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.