ராஜா உட்கார்ந்து பார்த்த தோட்டம்

தேரிக்கோட்டை என்று ஒரு ராஜதானி. திரும்பின பக்கமெல்லாம் செம்மணல். மழை அங்கே வருவதே அபூர்வம். வந்தாலும் தலையைக் காட்டிவிட்டு ஓடிவிடும். ஊருக்கெல்லாம் ஒரே கிணறு. அப்படியும் ஜனங்கள் வாசலில் ஒரு வேம்போ உடைமரமோ வைத்துக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தார்கள். அவர்களுடைய ராஜா மலைநாட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தார் பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது சனி.

ராஜா மகரபூஷணர் தங்கமான மனுஷர். ஒரே ஒரு குறை, அழகாக எதைக் கண்டாலும் அது தனக்கும் வேண்டும். மலைநாட்டு அரண்மனை முன்னால் பச்சைப்பசேலென்று புல்தரை விரித்திருந்தார்களாம். திரும்பி வந்ததும் முதல் வேலையாகத் தன் அரண்மனை முன்னாலும் புல் போட்டார். அதோடு விட்டாரா? ஊரில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் புல் வளர்க்க வேண்டும், சித்திரைப் பிறப்பன்று தானே வந்து பார்ப்பேன், சிறந்த தோட்டத்துக்குத் தங்கக் காப்பு, புல்லே இல்லாத வீட்டில் மரத்தை வெட்டிவிட்டு அரண்மனை ஆட்களே புல் போடுவார்கள் என்று தண்டோரா போட்டுவிட்டார்.

ஊரே புல்லுக்குத் தண்ணீர் ஊற்றியது. கிணறு இறங்க இறங்க, கயிற்றோடு கயிறு முடிந்து நீட்டினார்கள். கடைசியில் வாளியில் பாதி சேறு வந்தது. படைக்குத் தலைவரான தளவாய் செண்பகராமர் வீட்டுப் புல்தான் ஊரிலேயே கொழுகொழுவென்று இருந்தது. ஏன் இருக்காது? விடிவதற்குள் அவர் ஆட்கள் கிணற்றை வழித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அவர் பக்கத்து வீட்டுக்காரி பிச்சம்மை. கைக்குழந்தைக்காரி, புருஷன் உப்பளத்தில் வேலை. வாசலில் பெரிய வேப்பமரம், அடியில் வெறும் மணல், ஓரமாக இரண்டு ஆவாரஞ்செடி, ஒரு கற்றாழை. குழந்தைக்குத் தூளி அந்த மரத்தில்தான். ஒரு துளித் தண்ணீர்கூட அவள் புல்லுக்கு ஊற்றவில்லை. அந்த மரத்து இலை தன் புல்லில் விழுகிறதென்று தளவாய்க்கு வெகுநாளாக ஆத்திரம். நாளைக்கு ராஜா பார்வையிட வருகிறார், மரம் நாளையோடு சரி என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பிச்சம்மை ஓடியது குழைக்காதர் வீட்டுக்கு. அவர் சபையில் விகடம் பேசுகிறவர், ராஜாவையே கேலி செய்துவிட்டுச் சம்பளமும் வாங்குகிற ஆள்.

"ஓலைக்குடிசை அய்யா, பகல்ல அடுப்பு மாதிரி கொதிக்கும். மரத்த வெட்டிப்புட்டா பிள்ளைய எங்க போட்டுத் தூங்க வைப்பேன்?" என்று அழுதாள்.

குழைக்காதருக்கே மனசு கலங்கிவிட்டது. அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு நேரே சபைக்குப் போனார்.

"மகாராஜா, எனக்கு ஒரு சந்தேகம். தோட்டம் எதற்கு?"

"இதென்ன கேள்வி? ஆற அமர உட்காரத்தான்."

"அப்படியானால் நாளைக்கு நின்று பார்த்துவிட்டுப் போனால் எப்படி? ஒவ்வொரு தோட்டத்திலும் உட்கார்ந்தல்லவா தீர்ப்பு சொல்ல வேண்டும்?"

நியாயம்தான் என்றார் ராஜா. காலையில் குப்பைமேட்டில்கூடக் காற்று வாங்கலாம், தோட்டத்தை மனுஷன் தேடுவது உச்சிவேளையில்தான் என்றார் குழைக்காதர். அதற்கும் சரி. கடைசியாகக் குடை. மலைநாட்டு ராஜா தம் புல்லில் குடையில்லாமல் உட்கார்ந்ததாகத் தாங்களே சொன்னீர்களே என்று மெல்ல இழுத்தார். அவரால் முடிந்தது நம்மால் முடியாதா என்று ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

மறுநாள் உச்சி. குழைக்காதரும் கூட வர, முதல் வீட்டுப் புல்லில் ராஜா உட்கார்ந்தார். பார்க்கப் பச்சை, உட்கார்ந்தால் நெருப்பு. மேலே ஒரு பொட்டு நிழல் இல்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். வீட்டுக்காரர் கையைப் பிசைந்தார். இருந்ததையெல்லாம் காலையில் புல்லுக்கு ஊற்றிவிட்டாராம். அடுத்த வீட்டிலும் அதே கதை. தளவாய் வீட்டுக்கு வருவதற்குள் மகாராஜா வேகவைத்த கிழங்கு மாதிரி ஆகிவிட்டார். அங்கே புல் பிரமாதம், பானை காலி. தளவாய் தண்ணீர் தேட உள்ளே ஓடினார், மகாராஜாவோ பொறுக்க முடியாமல் எழுந்து பக்கத்து வாசல் வேப்பமரத்தடிக்கே போய்விட்டார்.

பிச்சம்மை பதறிப்போய், மரத்தடி மண்பானையிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தாள். மடமடவென்று குடித்தார். இன்னொரு செம்பு. அப்புறம் மணலில் அப்படியே சாய்ந்தார். காற்று சிலுசிலுவென்று வந்தது. தூளியில் குழந்தை தூங்க, கீழே மகாராஜாவும் கண்ணை மூடிவிட்டார்.

தண்ணீர் கிடைக்காமல் வெளியே வந்த தளவாய், கோடரிக்காரர்களோடு அங்கே வந்து நின்றார். "என்னய்யா இது? போட்டித் தீர்ப்பு என்ன ஆச்சு?"

"மெதுவாகப் பேசும்," என்றார் குழைக்காதர். "தீர்ப்புதான் நடந்துகொண்டிருக்கிறது."

"இந்த வீட்டில் புல் இல்லை. மரத்தை வெட்ட வேண்டும். அரச கட்டளை."

"தாராளமாக வெட்டும். அதற்கு முன்னால் மகாராஜாவை எழுப்பி வெயிலுக்கு நகர்த்திவிட வேண்டும். அந்தக் கைங்கரியத்தை நீரே செய்துவிடும்."

கோடரிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கோடரியைக் கீழே வைத்தார்கள். அப்போது கண்ணைத் திறக்காமலே ராஜா பேசினார்.

"வந்தவர்கள் சும்மா திரும்ப வேண்டாம். அரண்மனைப் புல்லைக் கொத்தி எடுத்துவிட்டு வேப்பங்கன்று வையுங்கள். கிணற்றுத் தண்ணீர் இனி குடிக்கத்தான் என்று தண்டோரா போடச் சொல்லுங்கள். நிழல் வளர்க்கிற வீட்டுக்கு வருஷாவருஷம் பரிசு. இந்த வருஷத்துக் காப்பு இந்த அம்மாவுக்கு."

பிச்சம்மைக்குக் காப்பெல்லாம் காதில் விழவே இல்லை. மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

தளவாய் முன்னால் வந்து கும்பிட்டார். "மகாராஜா, அப்படியானால் என் புல்?"

ராஜா ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "அது இருந்துவிட்டுப் போகட்டும். தினம் உச்சிவேளையில் நீர் அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, எப்படி இருந்தது என்று சபையில் வந்து சொல்லும்."