நீலச் சீட்டு

ஏற்காட்டில் கோடைப்பள்ளி நடத்திய பேராசிரியர் செம்மலரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கேள்வி கேட்டால் பதில் சொல்லமாட்டார். எதையாவது செய்யச் சொல்வார். செய்து முடித்தபின் கேட்டவர் பேசாமல் இருந்தால், பதில் கிடைத்துவிட்டது என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்.

அந்த அம்மாவுக்கு நாற்பது வயது. படிக்க வந்தவர்களில் மூத்தவரான சென்னியப்பனுக்கு அறுபத்தாறு. திருப்பூர்க்காரர். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். உலகத்தின் பணம் எப்படி ஓடுகிறது என்று மலைமேல் வைத்துச் சொல்லித் தருகிறார்கள், படிப்புத் தகுதி தேவையில்லை என்று பேப்பரில் பார்த்தார். அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டார்.

முதல் நாள் ஒவ்வொருவரும் எழுந்து எதற்காக வந்தோம் என்று சொன்னார்கள். யாழினி என்ற பெண் ஆராய்ச்சிக்கு என்றாள். பிரின்ஸ் என்ற நாகர்கோவில் பையன் வங்கித் தேர்வுக்கு என்றான். அடுத்து சென்னியப்பன் எழுந்தார்.

“எனக்கும் எந்தம்பி அர்த்தனாரிக்கும் ஒரு பனியன் கம்பெனி இருந்துதுங்க. டாலர் இன்னும் எறங்கும்னு ஒரு பேங்க்காரன் வந்து சொன்னான். அதை நம்பி, டாலர் ஏறுனா நாங்க கட்டோணும்கற ஒப்பந்தத்துல எந்தம்பி கையெழுத்துப் போட்டுட்டான். என்னைய ஒரு வார்த்தை கேக்கல. டாலர் ஏறிப்போச்சு. கம்பெனியும் போச்சு. பதினாறு வருசமா எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியோணும். அந்தப் பணம் எங்க போச்சு? அதுல எந்தம்பி எவ்வளவு தின்னான்?”

“தம்பி தின்னார்னு யார் சொன்னாங்க?” என்றார் செம்மலர்.

“கம்பெனி போன மறு வருசமே புது மொபெட் வாங்குனானுங்களே!”

வகுப்பே சிரித்தது. சென்னியப்பன் சிரிக்கவில்லை. செம்மலரும் சிரிக்கவில்லை.

“தொலைஞ்ச பணம் எங்கே போகுதுங்கிறது கடைசிப் பாடம். ஞாயித்துக்கிழமை காலையில.”

சென்னியப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதே ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அவிநாசியில் தம்பி மகள் சிந்துஜாவுக்குக் கல்யாணம். போவதாக அவருக்கு எண்ணமில்லை. இப்போது போகாமலிருக்கக் காரணமும் கிடைத்துவிட்டது. வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டார்.

“எனக்கு அன்னிக்குப் பரீச்ச மாதிரி. வர முடியாதுன்னு சொல்லிரு.”

“உங்களுக்கு எதுக்கு இந்த வயசுல பரீச்ச?” என்றாள் அவர் மனைவி ராமாத்தாள். “பெரியப்பன் வாராரான்னு அந்தப் புள்ள என்னையக் கேக்குது. நான் என்னத்தைச் சொல்றது?”

“அவங்கப்பன் நம்ம புள்ள வள்ளி கல்யாணத்துக்கு வந்தானே, உள்ள வந்தானா? வாசல்லயே நின்னுட்டுப் போனான்ல?”

“நீங்க வான்னு கூப்பிட்டீங்களாக்கு?”

சென்னியப்பன் போனை வைத்துவிட்டார்.

அதன்பிறகு அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை வருஷம் தன் தலைமேல் கொட்டிய மழை எந்த மேகத்திலிருந்து வந்தது என்று ஒவ்வொரு நாளும் ஒரு துண்டு தெரியவந்தது. வங்கி கடன் கொடுக்கும்போது பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை, எழுதிக் கொடுக்கிறது, எழுதியதும் அது பணமாகிவிடுகிறது என்று செம்மலர் சொன்னபோது நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“அப்ப அந்த மேனேசர் பெட்டியத் தொறக்கவே இல்லீங்களா! அதுக்கா நான் அவனுக்குத் தேங்கா பழத்தோட போயிக் கும்புடு போட்டேன்!”

“தாத்தா, உக்காருங்க, மறைக்குது” என்றான் பின்னாலிருந்த பிரின்ஸ்.

“தாத்தாவா? பெரியப்பான்னு கூப்புடு.”

பிரின்ஸ் கூப்பிடவில்லை. யாழினி கூப்பிட ஆரம்பித்தாள். முதல் தடவை அவள் “பெரியப்பா” என்றபோது சென்னியப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்னொரு நாள் அவர் கேட்டார்: “எத்தனையோ நாட்டுல எத்தனையோ நோட்டு இருக்குது. டாலருக்கு மட்டும் எதுக்குங்க இவ்வளவு மவுசு?”

“உங்க போன் சார்ஜரைக் கொண்டு வாங்க” என்றார் செம்மலர்.

பட்டன் போன். உருண்டை முனை சார்ஜர். கொண்டு வந்தார்.

“இது கெட்டுப்போச்சா?”

“சேச்சே, கல்லாட்டம் இருக்குது.”

“இது வீட்டுல மறந்துபோச்சுன்னு வைங்க. இங்கே யார்கிட்டயாவது வாங்கிக்குவீங்களா?”

சென்னியப்பன் சுற்றிலும் பார்த்தார். எல்லார் மேசையிலும் ஒரே மாதிரித் தட்டை முனை. எல்லாரும் அதை வைத்திருப்பதால் எல்லாரும் அதையே வாங்குகிறார்கள். அவர் சார்ஜரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் அவர் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை விளையாட்டு.

ஒவ்வொரு மேசையும் ஒரு நாடு. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிறத்தில் சீட்டு. முதல் மேசையின் சீட்டு நீலம். மெஸ்ஸில் டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் நீலச் சீட்டுக்கு மட்டும்தான் கிடைக்கும் என்று செம்மலர் சொல்லிவிட்டார். ஆகவே எல்லா நாடும் எதையாவது செய்து முதல் மேசைக்கு விற்று நீலச் சீட்டு சம்பாதிக்க வேண்டும். நீலத்துக்கு என்ன விலை என்று அவர் அவ்வப்போது கரும்பலகையில் எழுதுவார்.

சென்னியப்பன், யாழினி, பிரின்ஸ் மூவரும் மஞ்சள் நாடு.

“நாம என்ன பண்ணலாம்?” என்றான் பிரின்ஸ்.

“இதென்ன கேள்வி? பனியன்தான்” என்றார் சென்னியப்பன்.

காகிதத்தில் பனியன் மடிக்கச் சொல்லிக் கொடுத்தார். கழுத்துக்கு ஒரு கிழி, கைக்கு இரண்டு மடிப்பு. யாழினியின் விரல் இயந்திரம் மாதிரி ஓடியது. பிரின்ஸ் கட்டுக் கட்டாகச் சுமந்துபோய் விற்றான். “தாத்தா, ஆர்டர் பிச்சிக்கிட்டு வருது!” என்று கத்தினான். மதியத்துக்குள் மஞ்சள் நாட்டின் டப்பாவில் நீலமும் மஞ்சளுமாகச் சீட்டு நிறைந்துவிட்டது. கரும்பலகையில் ஒரு நீலத்துக்கு மூன்று மஞ்சள் என்றிருந்தது, ஐந்தாயிற்று. அப்புறம் எட்டு.

சென்னியப்பன் நாற்காலி நுனிக்கு வந்தார். டாலர் ஏறும். அது அவருக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். ஏறியபோது அடியில் மாட்டிக்கொண்டவர் அவர்தானே!

அப்போது வங்கி மேசையிலிருந்து ஒரு பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். “ஐயா, ஒரு ஒப்பந்தம். கடைசி மணி அடிக்கும்போது நீலம் பத்துக்கு மேலே இருந்தா, வித்தியாசத்தை நாங்க உங்களுக்குத் தர்றோம். பத்துக்குக் கீழே இருந்தா நீங்க எங்களுக்குத் தரணும். எத்தனை சீட்டுக்குப் போடறீங்க?”

யாழினி தலை நிமிராமல் மடித்துக்கொண்டிருந்தாள். பிரின்ஸ் விற்கப் போயிருந்தான்.

“எத்தனை வரைக்கும் போடலாம்?” என்றார் சென்னியப்பன்.

“உங்க இஷ்டம்.”

“அப்ப எல்லாத்துக்கும் போடு அம்மணி.” பேனாவை அவரே பிடுங்காத குறையாக வாங்கினார். தம்பி விவரம் தெரியாமல் கையெழுத்துப் போட்டான். நான் படித்துவிட்டுப் போடுகிறேன். அந்தப் பதினாறு வருஷத்தையும் ஒரே கையெழுத்தில் திருப்பி வாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டார். கையெழுத்தைப் பெரிதாகப் போட்டார்.

நீலம் ஒன்பதாயிற்று. பத்தாயிற்று. பதினொன்று. “ஏறுதுங்க! ஏறுதுங்க!” என்று மேசையைத் தட்டினார். பக்கத்து நாடுகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

முதல் மேசையில் ஒருவன் சோம்பல் முறித்தான். சீட்டு தீர்ந்துபோயிற்று போலிருக்கிறது. ஒரு நீலத் தாளை எடுத்தான், கத்தரித்தான். இன்னொன்றை எடுத்தான். அப்புறம் அந்த மேசையே கத்தரிக்க உட்கார்ந்தது. புதுச் சீட்டை அள்ளி அள்ளி விட்டார்கள். அந்த நிறச் சீட்டை வேண்டியபோது அடிக்க அந்த ஒரு மேசைக்கு மட்டும் முடியும் என்பது மூன்றாம் நாள் பாடம். சென்னியப்பன் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்ட பாடம்.

செம்மலர் பதினொன்றை அழித்து எட்டு என்று எழுதினார். அதையும் அழித்து ஐந்து என்று எழுதினார். நான்கு என்று எழுதும்போது கடைசி மணி அடித்தது.

வங்கி மேசைப் பெண் சிரித்துக்கொண்டே வந்து டப்பாவைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு போனாள். மஞ்சளும் போயிற்று, டீக்கு என்று யாழினி ஒதுக்கி வைத்திருந்த நீலமும் போயிற்று.

பிரின்ஸ் வெறும் டப்பாவைப் பார்த்தான். “ஒரு வார்த்தை எங்ககிட்ட கேட்டிருக்கலாம்லா தாத்தா?”

சென்னியப்பன் எழுந்து வெளியே போனார்.

மலையில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. மெஸ்ஸிலிருந்து பஜ்ஜி வாசம் வந்தது. எல்லாரும் அங்கே போய்விட்டார்கள். மெஸ் வாசல்படியருகில் போனவர் அதற்கு மேல் போகவில்லை. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. தன்னைப் பற்றித்தான் என்று நினைத்தார். ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

யாழினி வந்தாள். விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் பெரியப்பா வாசல்லயே நிக்கிறீங்க? உள்ளே வந்து உக்காருங்க.”

“எந்த மூஞ்சிய வெச்சுட்டு வாறது கண்ணு?”

“நமக்கு டீ கிடையாதுதான். உக்கார நாற்காலிக்குச் சீட்டு கேக்க மாட்டாங்க. பிரின்ஸ் உங்களுக்கு இடம் பிடிச்சு வெச்சிருக்கான். வாங்க.”

அவர் நகரவில்லை. அதற்குள் செம்மலரும் அங்கே வந்துவிட்டார்.

“அம்மணி,” என்றார் சென்னியப்பன். “விளையாட்டுதான். ஆனா இந்தப் புள்ள காலைல இருந்து கை நோக மடிச்சதுங்க. எல்லாத்தையும் நான் ஒருத்தனே...”

செம்மலர் யாழினி பக்கம் திரும்பினார்.

“யாழினி, போனதுல இவர் எவ்வளவு தின்னார்?”

“என்னது மேடம்?”

“உங்க மேசைப் பணம் போச்சே. அதுல இவர் பங்கு எவ்வளவு?”

யாழினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இவரா? பாவம், இவரு தின்னது பஜ்ஜி வாசம் மட்டுந்தான்.”

சென்னியப்பன் தூணை விட்டார். கீழே சாலையில் சேலத்துக்குப் போகும் கடைசி பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அதைப் பிடித்தால் விடிவதற்குள் அவிநாசி போய்விடலாம்.

ஆனாலும் பதினாறு வருஷக் கோபம் லேசில் விடுமா? ஒரு கடைசி உதறல் உதறிற்று.

“அதெல்லாஞ் சரிங்க. பணம் எங்க போச்சு? அதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலியே!”

“நாளைக் காலையில கடைசிப் பாடமே அதுதான்” என்றார் செம்மலர். “முன் வரிசையில உங்களுக்கு நாற்காலி போட்டு வைக்கட்டுங்களா?”

கீழே பஸ் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது.

சென்னியப்பன் பேசவில்லை.