வித்துவானின் இரண்டாவது உருண்டை

வெண்குன்றூர் அரசர் வல்லபருக்குத் தெலுங்கு நாட்டிலிருந்து மருமகள் வரப்போகிறாள். அந்தப்புரப் பணிப்பெண்கள் எல்லோரும் தெலுங்கு படிக்க வேண்டும், தேறாதவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று அரசர் சொல்லிவிட்டார்.

கற்றுக்கொடுத்தவர் வித்துவான் திம்மப்பா. பரீட்சையும் அவரே. அவர் ஒரு சொல்லைச் சொல்வார். மாணவி எழுந்து, கைகட்டி நின்று, அதன் மற்றப் பெயர்களையெல்லாம் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் ஒப்பிக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் மொழி வரவில்லை என்பது அவர் கட்சி.

வெற்றிலை மடிக்கும் கோமளம் மளமளவென்று ஒப்பித்துத் தேறினாள். தண்ணீர் கொடுக்கும் காத்தாயி மூன்றாவது பெயரிலேயே நின்றுவிட்டாள். வளையல்காரிகளோடு தெலுங்கில் வம்பளந்து சிரிப்பவள்தான். என்ன செய்வது? மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்கள்.

அவள் அழுதுகொண்டே அமைச்சர் பொன்னரங்கரிடம் போனாள். அவர் அரசரிடம் ஒரு நாள் தவணை வாங்கினார். வித்துவானுக்கு விருந்து வைப்போம், பந்தியில் தெலுங்கு மட்டும்தான் பேச வேண்டும், அந்த இரண்டு பெண்களும் பரிமாறட்டும் என்றார்.

பந்தியில் பொன்னரங்கர் தம் கையாலேயே சோற்றில் ஆவக்காய் ஊறுகாயைப் பிசைந்து ஒரு பெரிய உருண்டை வைத்தார். காரத்தை இரண்டு பங்காக்கும்படி சமையற்காரரிடம் முன்பே சொல்லியிருந்தார். வித்துவான் விழுங்கினார். காது சிவந்தது. கண்ணில் நீர் முட்டியது.

"நீள்ளு" என்று கையை நீட்டினார். தெலுங்கில் தண்ணீர்.

பக்கத்தில் நின்ற கோமளம் சட்டென்று கைகட்டி நிமிர்ந்தாள். "நீரு, ஜலமு, உதகமு, தோயமு..."

வித்துவான் கையை வேகமாக ஆட்டினார். வரிசை தப்பிவிட்டதோ என்று பயந்து அவள் பின்னாலிருந்து ஆரம்பித்தாள்.

அதற்குள் பந்தியின் மறுகோடியிலிருந்து காத்தாயி செம்போடு ஓடிவந்தாள். வித்துவான் செம்பைக் கீழே வைக்காமல் குடித்தார்.

அரசர் தாமே விதியை மறந்து தமிழில் கேட்டார். "இப்போது சொல்லும் வித்துவானே, தெலுங்கு யாருக்கு வந்திருக்கிறது?"

"கோமளத்துக்குத்தான் மகாராஜா. ஒரு பெயர் விடவில்லை. பரீட்சை பரீட்சைதான்."

பொன்னரங்கர் இன்னும் பெரிதாக ஓர் உருண்டை பிடித்து இலையில் வைத்தார்.

"நியாயம்தான். இதையும் சாப்பிடுங்கள். ஆனால் இந்த முறை ஒருத்திதான் பக்கத்தில் நிற்பாள். யார் நிற்கட்டும்?"

வித்துவான் உருண்டையைப் பார்த்தார். கோமளத்தைப் பார்த்தார். மறுபடியும் உருண்டையைப் பார்த்தார்.

"காத்தாயியே நிற்கட்டும்" என்றார்.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காத்தாயிக்கு வேலை நிலைத்தது. பொன்னரங்கருக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. அந்த உருண்டை மட்டும் இலையிலேயே கிடந்தது.