திரைக்கு வெளியே நீண்ட கை

வெகு காலத்துக்கு முன்னே, பொழிலூர் என்னும் நாட்டை வேங்கைமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒன்று சொல்வான், மாலையில் வேறொன்று சொல்வான். விளையாட்டு என்றால் மட்டும் எப்போதும் தயார்.

அவனுடைய மந்திரி நன்னயருக்கு ஒரே தம்பி, சேந்தன். யாரும் பேசாதபோதும் சேந்தன் காதில் குரல்கள் பேசும். அதனால் சித்தம் கலங்கியவர்களுக்கென்று ராஜா கட்டிய விடுதியில் இருந்தான். கொஞ்ச நாளாக அவனுக்கு நாலடி நடந்தாலே மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. அரண்மனை வைத்தியர் அம்பலத்தரையரோ வாசலில் நின்றபடியே, "குரல் கேட்கிறது என்றவன்தானே? இதுவும் அந்த மாதிரிதான்" என்று ஒரு தூக்க உருண்டையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நன்னயர் சபையில் முறையிட்டார். மந்திரியின் செல்வாக்கைக் கண்டு வைத்தியருக்கு நெடுநாள் எரிச்சல்.

"மகாராஜா, மந்திரிக்கும் ஏதோ குரல் கேட்கிறது போலிருக்கிறது. வம்சத்திலேயே இருக்கிறது!" என்றார்.

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தான். கோபப்பட்டால் தம்பிக்கு மருந்து கிடைக்காதே என்று நன்னயர் கும்பிட்டுவிட்டுத் தம் இடத்துக்குத் திரும்பினார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். நோயுற்ற ராஜாவின் முகத்தை வைத்தியர் பார்க்கக் கூடாது, குரலையும் கேட்கக் கூடாது. திரைக்கு வெளியே கை மட்டும் நீளும். கேள்விகளுக்கு மந்திரி பதில் சொல்வார்.

மறுநாள் ராஜா பலாச்சுளையை அளவில்லாமல் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். நன்னயர் அவன் காதருகே குனிந்து, "மகாராஜா, ஒரு விளையாட்டு..." என்றார்.

"சொல்லும், சொல்லும்!"

சற்று நேரத்தில் வைத்தியர் வந்தார். இரண்டு திரைகள் தொங்கின.

"இடப்பக்கம் விடுதியிலிருந்து வந்தவர். வயிற்று வலியாம். வலப்பக்கம் மகாராஜா" என்றார் நன்னயர்.

வைத்தியர் இடப்பக்கம் திரும்பக்கூட இல்லை. "எல்லாம் பிரமை. தூக்க உருண்டை கொடுத்து அனுப்புங்கள்."

திரைக்குள்ளே ஏதோ உறுமியது.

"பார்த்தீரா? முற்றிவிட்டது!" என்றபடி வலப்பக்கம் போய் உட்கார்ந்தார். ராஜ கடகம் அணிந்த கை நீண்டது. மூன்று விரல் வைத்துக் கண்மூடி நாடி பார்த்தார். அவர் முகம் வெளிறியது.

"படுத்தால் மூச்சு முட்டுகிறதா?"

"முட்டுகிறது. உட்கார்ந்துதான் தூக்கம்."

"கால்?"

"அழுத்தினால் குழி விழுகிறது."

"ஐயோ, இதை ஏன் முன்பே சொல்லவில்லை?"

"சொன்னோம், வைத்தியரே. கேட்பாரில்லை."

"இதயம் களைத்துவிட்டது. இன்னும் தாமதித்தால் இந்த மழைக்காலம் தாண்டாது. இன்றே தொடங்கினால் பிழைக்க வைக்கலாம். நானே பக்கத்திலிருந்து மருந்து கொடுக்கிறேன்!" வைத்தியருக்குக் கண் கலங்கிவிட்டது.

நன்னயர் திரையை விலக்கினார். உள்ளே சேந்தன்.

"குரல் கேட்பதும் நிஜம், மூச்சு வாங்குவதும் நிஜம்" என்றான் அவன் மெதுவாக. "ஒருத்தனுக்கு இரண்டும் இருக்கக் கூடாதா, ஐயா?"

வைத்தியர் தலைகுனிந்தார். இடப்பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து வயிற்றைப் பிடித்தபடி ராஜா வந்தான்.

"எனக்கா முற்றிவிட்டது?"

சிரிக்க யாருக்கும் துணிவில்லை. ராஜா சேந்தனைப் பார்த்தான். ராஜாவின் குரல் தணிந்தது. "நேற்று நானும் சேர்ந்துதானே சிரித்தேன்... வைத்தியரே, இனி விடிந்ததும் விடுதிக்குப் போம். அங்கே எல்லோர் கையையும் பிடித்துப் பார்த்த பிறகுதான் என் கையைத் தொடவேண்டும்."

"அதுவரை மகாராஜாவின் வயிற்று வலி?" என்றார் வைத்தியர்.

"காத்திருக்கும்" என்று முனகினான் ராஜா. "மந்திரி, உமக்கு என்ன வேண்டும்?"

"விடுதிக்கும் அரண்மனைச் சமையலே போகட்டும், மகாராஜா."

அப்படியே ஆயிற்று. வைத்தியரின் கைராசி பலித்தது. சேந்தனின் குரல்கள் போகவில்லை; அவை தம் பாட்டுக்குப் பேசின. மூச்சு மட்டும் சீரானது.

ஆண்டுகள் பல ஓடின. ஒருநாள் விடுதித் திண்ணையில் தம்பிக்குத் தலை வாரிக்கொண்டிருந்த நன்னயரின் கை சட்டென நின்றது.

"என்ன அண்ணா?"

"வெள்ளை முடிடா."

"அட, பிடுங்கிப் போடு."

"மாட்டேன்" என்றார் நன்னயர். "இந்த விடுதியில் தலை நரைக்கும்வரை இதுவரை ஒருத்தரும் உயிரோடு இருந்ததில்லை."